ரோட்டுக்கு அந்தப் பக்கம்

ஜூன் 11

என்னங்க,

போனை அணைத்துவிட்டீர்கள். சரி, கடிதத்தை எப்படி அணைக்கிறீர்கள் என்று நானும் பார்க்கிறேன். கிழித்துப் போடுவீர்கள். கிழிப்பதற்கு முன்னால் கண் ஒரு வரியையாவது படித்துவிடும். எனக்கு அது போதும்.

போன வாரம் நீங்கள் பேசியது இன்னும் காதில் நிற்கிறது. “இனிமே பஸ் ஏறி இங்க வராதே. என்னை விட்டுடு. உன் பொழப்பைப் பாரு.” நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். கார்மென்ட்ஸ் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். செக்கிங் அக்கா அந்தப் பக்கம் வந்தாள். “வீட்டுக்காரரா? எப்படி இருக்காரு?” என்று கேட்டாள். “நல்லா இருக்காரு, வாய் ஓயாம பேசுறாரு” என்று சொன்னேன். பிறகு மிஷினில் உட்கார்ந்து ஒரே காலரை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன்.

எத்தனை மாடிக் கட்டடங்களில் சாரத்தில் தொங்கிக்கொண்டு பெயின்ட் அடித்திருக்கிறீர்கள்! அப்போதெல்லாம் நான்தான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பேன். “உசரம் ஒண்ணும் பண்ணாதுடி” என்பீர்கள். உண்மைதான், உயரம் ஒன்றும் செய்யவில்லை. காலையில் வேலைக்குப் போகிறேன் என்று ரோட்டைக் கடந்தவரைத் தண்ணீர் லாரி வந்து தூக்கிப் போட்டு முதுகெலும்பை முறித்தது. அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள், நான் என்ன செய்வேன்? பாப்பா என்ன செய்வாள்? நேற்று அவள் கேட்டாள், “அப்பா நம்மமேல கோவமா இருக்காரா?” என்று. ரோட்டின்மேல் கோபம் என்று சொல்லிவைத்தேன்.

ஒருநாள் முழுக்க பஸ்ஸில் வரும் தூரத்தில் அந்த மறுவாழ்வு மையத்தில் உங்களைக் கொண்டுபோய் விட்டது உங்களுக்கு உட்காரவும் நகரவும் பழக்கிவிடுவார்கள் என்றுதான். அங்கேயே இருந்துவிடுவதற்கு இல்லை.

பதில் போடுங்கள். திட்டியாவது போடுங்கள்.

உங்கள் மனைவி
(இன்னும்)


ஜூன் 21

பாப்பாவின் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. இங்கே நலம். சாப்பாடு பரவாயில்லை. படுக்கைப் புண் ஆறிவிட்டது. பிசியோ அம்மா கைக்கு நிறைய வேலை கொடுக்கிறார்.

நான் அன்று போனில் கோபத்தில் பேசியதாக நினைக்காதே. யோசித்துத்தான் பேசினேன். இந்த வார்டில் இருந்து பார்த்தால் உனக்கும் புரியும். நான் வந்தபோது ஒவ்வொரு கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி போட இடம் இருந்தது. இப்போது அந்த இடத்திலும் கட்டில் போட்டுவிட்டார்கள். வராந்தாவிலும் போட்டிருக்கிறார்கள். புதிதாக ஒருவரைக் கொண்டுவந்தால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, “பைக்கா, பஸ்ஸா, நடந்து போனதா?” என்பதுதான். மரத்திலிருந்து விழுந்தேன் என்று ஒருவர் சொன்னால் அவரை விருந்தாளி மாதிரிப் பார்க்கிறோம். மற்ற எல்லாரும் ரோட்டு ஆட்கள். கல்லூரிப் பையன், காய்கறி வண்டிக்காரர், தபால்காரர், கல்யாணம் நிச்சயமான ஒரு மாப்பிள்ளை.

என் பக்கத்துக் கட்டில் லாரிக்காரர். தூங்காமல் ஓட்டச் சொன்னார்களாம், ஓட்டினாராம், வண்டி கவிழ்ந்துவிட்டது. லாரிக்காரர் என்று தெரிந்ததும் முதல் ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பிறகு ஒருநாள் என் தண்ணீர் பாட்டில் கீழே உருண்டபோது அவர்தான் குச்சியால் நெம்பி எடுத்துக் கொடுத்தார். அவருடைய மனைவி ஆரம்பத்தில் வாராவாரம் வந்தாளாம். பிறகு மாதம் ஒரு தடவை. பிறகு போன். இப்போது அதுவும் இல்லை. “அவமேல தப்பில்ல பெயின்டரே. ஒரு மனுஷி எவ்வளவு தாங்குவா?” என்கிறார்.

அந்த நாள் நமக்கும் வரும். நீ கொஞ்சம் கொஞ்சமாக வராமல் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதற்கு இப்போதே வராமல் இருப்பது நல்லது. பாப்பாவைப் படிக்க வை.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா


ஜூலை 3

பாப்பாவின் அப்பா அவர்களுக்கு,

பாப்பாவின் அம்மா எழுதிக்கொள்வது. நலம். நலமறிய ஆவல். இப்படியே எழுதினால் போதுமா, ரேஷன் கடைக்கு மனு எழுதுகிற மாதிரி? “வாயாடி” என்று கூப்பிட்ட வாய் எங்கே போயிற்று?

அந்த லாரிக்காரரின் மனைவி யார் என்று எனக்குத் தெரியாது. அவள் கஷ்டம் அவளுக்கு. ஆனால் அவள் வராமல் போனதற்கு எனக்கு ஏன் தண்டனை? யாரோ பரீட்சையில் கோட்டை விட்டதற்கு என் பேப்பரை வாங்கிக் கிழிப்பீர்களா?

ஒரு விஷயம் சொல்கிறேன். கீழ் வீட்டு அம்மாவிடம் பேசினேன். அவர் பழைய சாமான் போட்டு வைத்திருக்கிறாரே, அந்தக் கீழ் அறையைக் கேட்டேன். “மூணாவது மாடியில காத்து வருது, வெளிச்சம் வருது. இதுல என்னம்மா இருக்கு, எலிதான் இருக்கு” என்றார். “என் வீட்டுக்காரரால மாடி ஏற முடியாதும்மா” என்றேன். “வருவாரா?” என்றார். “வராம எங்க போவாரு?” என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, மாடி ஏறும்போது உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன்.

ரோடு அப்படியேதான் இருக்கிறது. அகலப்படுத்தினார்கள், நடுவில் சுவர் வைத்தார்கள், வண்டிகள் பறக்கின்றன. எங்கள் கம்பெனியும் பஸ் ஸ்டாப்பும் அந்தப் பக்கம், வீடுகளெல்லாம் இந்தப் பக்கம். கடப்பதற்கு ஒரு வழி வைக்க மட்டும் மறந்துவிட்டார்கள். சுவர் உடைந்த அதே இடத்தில்தான் நாங்கள் எல்லாரும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புகுந்து போகிறோம். போன மாதம் அங்கே ஒரு சைக்கிள்காரர். அதற்கு முன்னால் பள்ளிக்கூட ஆயா ஒருத்தி. யாராவது அடிபட்டால் அன்றைக்கு எல்லாரும் பேசுவார்கள். மறுநாள் அதே இடத்தில் கடப்பார்கள். நானும்தான்.

கடந்து முடித்ததும் ஒவ்வொரு நாளும் உங்களுக்குப் போன் செய்து “வந்துட்டேன்” என்று சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. அணைத்து வைத்திருக்கிறீர்கள்.

வாயாடி


ஜூலை 16

வாயாடிக்கு,

நீ எழுதியதைப் படித்து லாரிக்காரர் சிரித்துவிட்டார். நானாகக் கொடுக்கவில்லை, அவராகத்தான் கேட்டு வாங்கினார். “இந்தப் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றார்.

இங்கே வார்டன் புதிதாக வந்திருக்கிறார். முதல்நாள் கூட்டத்தில், “நீங்க ஒவ்வொருத்தரும் சொந்தக் கால்ல நிக்கணும்” என்றார். முதலில் தபால்காரர் சிரித்தார், பிறகு வார்டே உருண்டு சிரித்தது. பாவம், வார்டன் வியர்த்துப் போனார்.

இனி எழுதப்போவதை நீ கோபப்படாமல் படிக்க வேண்டும். இந்த மையத்தோடு சேர்ந்து ஒரு விடுதி இருக்கிறது. வீட்டுக்குப் போக முடியாதவர்கள் அங்கேயே தங்கிச் சக்கர நாற்காலி பழுது பார்க்கலாம், பெயின்ட் அடிக்கலாம். என்னைக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். லாரிக்காரரும் வருகிறார். இங்கே எல்லாம் தரையோடு தரையாக இருக்கிறது. கதவு அகலமாக இருக்கிறது. சிறுநீர்க் குழாய் மாற்றினாலும் துணி நனைந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. எல்லாருக்கும் அதே கதைதான்.

நீ காரணம் கேட்பாய். லாரிக்காரர், மாடி, ரோடு என்று நான் சொன்னதெல்லாம் காரணம்தான், ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. குளிர்காலத்தில் நீ வேலை முடிந்து வந்து படுத்ததும் ஐஸ் மாதிரி இருக்கும் உன் பாதத்தை என் கெண்டைக்காலில் வைப்பாய். நான் கத்துவேன். நீ எடுக்க மாட்டாய். நானும் காலை நகர்த்த மாட்டேன். இனி நீ வைத்தாலும் எனக்குத் தெரியாது. நீ வைத்திருப்பாய், நான் பாட்டுக்கு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அந்த ஒரு நொடி உன் முகம் எப்படி ஆகும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

முடிவு செய்துவிட்டேன். பாப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

பெயின்டர்


ஆகஸ்ட் 5

என்னங்க,

உங்கள் கடிதத்தைப் பாப்பாவிடம் சொல்லவில்லை. லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். ஆமாம், வந்தேன். கேட்டில் சட்டை கொடுத்திருப்பார்களே, அது நான் கொடுத்ததுதான்.

வரும் வழியெல்லாம் சண்டை போடுவதற்கு வார்த்தை கோத்துக்கொண்டே வந்தேன். வாட்ச்மேன், “எல்லாரும் மைதானத்துல இருக்காங்கம்மா, நேரா போங்க” என்றார். தண்ணீர்த் தொட்டி வரை வந்தேன். நாற்காலிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக்கொண்டு பந்து எறிந்து விளையாடிக்கொண்டிருந்தீர்கள். பனியனோடு இருந்தீர்கள். முதலில் அடையாளமே தெரியவில்லை. தோளும் கையும் வேறு யாரோ மாதிரி. தலைமுடி நன்றாக வளர்ந்திருக்கிறது. யாரோ ஒருவர், லாரிக்காரராகத்தான் இருக்க வேண்டும், பந்தைக் கோட்டை விட்டார். நீங்கள் “அவுட்டு! அவுட்டு!” என்று கத்திச் சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பை நான் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! நான் வந்தபோதெல்லாம் நீங்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு “சாப்பிட்டியா, எப்போ பஸ்” என்று கேட்ட ஆள்தானே? எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும். இருந்தது. ஆனால் அதோடு இன்னொன்றும் இருந்தது. என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. நான் கேட்டுக்குள் நுழைந்தாலே உங்களுக்கு நடந்தது ஞாபகம் வருகிறது போல. நான்தான் ரோட்டைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் போல.

அதனால் போய்விட்டேன். சட்டையை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்தேன். உட்கார்ந்தே இருப்பவர்களுக்குச் சாதாரணச் சட்டை முன்னால் மடிந்து சுருங்கும், பின்னால் மேலே ஏறி முதுகு தெரியும். அதனால் முன்பக்கம் குட்டையாகவும் பின்பக்கம் நீளமாகவும் வெட்டியிருக்கிறேன். நீலம் உங்களுக்குப் பிடிக்கும் என்று நீலத்தில் எடுத்தேன்.

விடுதியில் இருக்க விருப்பம் என்றால் இருங்கள். இனி வற்புறுத்த மாட்டேன். கீழ் அறை வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 14

வாயாடி,

நீ செய்தது கொஞ்சமும் நன்றாக இல்லை.

வராதே என்று நான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். வந்துவிட்டுப் பார்க்காமல் போ என்று எப்போது சொன்னேன்? தண்ணீர்த் தொட்டிக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்? ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். வாட்ச்மேன் சட்டையைக் கொண்டுவந்து கொடுத்து, “உங்க வீட்டம்மா பார்த்துட்டுப் போயிட்டாங்களே” என்றார். “எங்கே, எங்கே” என்று கேட்டபடி கேட் வரைக்கும் நாற்காலியை ஓட்டினேன். அந்தச் சரிவில் நான் இதுவரை தனியாக ஏறியதே இல்லை. ஏறிவிட்டேன். வெளியே ரோட்டில் பஸ் போன தூசிதான் இருந்தது. நீ அதில்தான் இருந்தாயா, அதற்கு முந்தியதா, தெரியாது. போகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு பைத்தியக்காரன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். பிசியோ அம்மா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

நான் சிரித்தேன் என்கிறாய். சிரித்தேன்தான். பாதி உடம்புதான் போயிருக்கிறது, சிரிப்பு மேல்பாதியில் இருக்கிறது. நீ வந்தால் அது நிற்கும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? நீ வரும்போதெல்லாம் நான் ஜன்னலைப் பார்ப்பது ஏன் தெரியுமா? உன்னைப் பார்த்தால், போகாதே, நான்கு மணி பஸ்ஸை விட்டுவிடு என்று சொல்லிவிடுவேன். அதனால்தான்.

சட்டை சரியாக இருக்கிறது. தோளில் மட்டும் பிடிக்கிறது. வார்டில் எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். மாப்பிள்ளைப் பையன் அவனுக்கும் ஒன்று வேண்டும் என்கிறான். நான் சட்டையைத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டேன்.

கீழ் அறை வேண்டாம் என்று சொல்லிவிட்டாயா? உடனே பதில் எழுது. நான் கேட்டேன் என்று அர்த்தம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

பெயின்டர்


செப்டம்பர் 2

வாயாடி,

பதில் இல்லை. கோபம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இன்று லாரிக்காரரைப் பார்க்க அவருடைய பழைய கிளீனர் வந்தான். பேச்சோடு பேச்சாக, “உங்க ஊர்ப் பக்கம் கார்மென்ட்ஸ் கிட்ட ரெண்டு நாளா வண்டி எல்லாத்தையும் சுத்தி விடுறாங்க பெயின்டரண்ணே. கம்பெனிப் பொம்பளை யாரையோ பஸ் அடிச்சிடுச்சாம். மத்தவங்க எல்லாம் ரோட்டுல உட்கார்ந்துட்டாங்களாம்” என்றான். “யாருன்னு தெரியுமா? எந்தப் பொம்பளை?” என்றேன். “யாரோ டெய்லர்னாங்க” என்றான்.

கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்பார்கள். எனக்குக் கால் ஓடாதது பழைய கதை. இன்று கையும் ஓடவில்லை. போன் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. லாரிக்காரர்தான் பீரோவிலிருந்து தேடி எடுத்துச் சார்ஜ் போட்டார். உன் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். கடைசியில் பாப்பா எடுத்தாள். “அம்மா எங்கடா?” என்றேன். “அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்கப்பா” என்றாள். அதோடு கட்டாகிவிட்டது. மறுபடி அடித்தால் ஸ்விட்ச் ஆஃப்.

என்னால் எழுந்து ஓட முடியாது என்பது இன்றுதான் உண்மையிலேயே எனக்குப் புரிந்தது. இத்தனை நாளும் யாரோ சொல்லிக் கேட்ட செய்தி மாதிரித்தான் இருந்தது. நான் ஐசியூவில் கிடந்தபோது வெளியே பெஞ்சில் நீ எப்படி உட்கார்ந்திருந்தாய்? ஒருநாளும் நான் கேட்டதில்லை.

போன் மடியில் இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். நீ இருக்கிறாயா?


செப்டம்பர் 6

என்னங்க,

பாப்பா சார்ஜ் ஏற்றிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாளாம், அடிபட்டது நான் இல்லை என்று. நீங்கள் போனிலேயே அழுதீர்களாம். அவள் என்னிடம் சொன்னாள், “அம்மா, அப்பா அழுதது கேட்கவே நல்லா இருந்துச்சு” என்று. என்ன பெண்ணோ! நான் கூப்பிட்டுப் பேசலாம் என்றால், ரோட்டில் உட்கார்ந்து கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டு காற்றுதான் வருகிறது. அதனால் மறுபடி பேனாவை எடுத்தேன்.

செக்கிங் அக்காதான். சாயங்காலம் வேலை விட்டு நாங்கள் எல்லாரும் கும்பலாகத்தான் வந்தோம். சுவர் உடைந்த இடத்தில் ஒவ்வொருவராகத்தானே புகுந்து வர வேண்டும். நான் முன்னால் புகுந்தேன், அவள் பின்னால். “இரு, செருப்பு மாட்டிக்கிச்சு” என்றாள். நான் திரும்பினேன். தனியார் பஸ் ஒன்று இன்னொன்றை முந்திக்கொண்டு வந்தது. நிறுத்தவே இல்லை.

பிறகு யார் முதலில் உட்கார்ந்தது என்று தெரியவில்லை, எல்லாரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டோம். லைன் லீடர், கட்டிங் பெண்கள், மாசமாக இருக்கிற பட்டன் பெண்கூட. போலீஸ் வந்தது. “எழுந்திருங்கம்மா, டிராஃபிக் நிக்குது” என்றார்கள். “டிராஃபிக் நிக்கத்தான் சார் உட்கார்ந்திருக்கோம்” என்றேன். நான்தான் சொன்னேன், நம்புங்கள். பெரிய அதிகாரி வந்து, கடக்க வழி செய்கிறோம் என்று வாக்குக் கொடுக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

அக்கா பிழைத்துவிட்டாள். வலது கால் முட்டிக்குக் கீழே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக நான்தான் இருக்கிறேன். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? முழித்ததும் போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். அழவில்லை. நேற்றுதான் வாய் திறந்தாள். “உன் வீட்டுக்காரருக்கு எழுதுவியே, அவர்கிட்ட கேளு. முதல்ல எப்படித் தாங்கினாருன்னு. டாக்டர் சொல்றது எனக்கு ஏறல.” அவளுக்குப் பதில் எழுதுங்கள்.

போன மாதம் வந்த உங்கள் கடிதத்தைத் திறக்கப் பயந்து வைத்திருந்தேன், இரண்டையும் இப்போது மொத்தமாகத்தான் படித்தேன். நான்கு மணி பஸ்ஸை விடச் சொல்லியிருக்கலாமே, ஒருநாளாவது!

பாதத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதற்கு நான் பதிலே சொல்லவில்லை. காலில் தெரியாது, சரி. கழுத்து இருக்கிறதா இல்லையா? முதுகில் மேல்பாதி இருக்கிறதா இல்லையா? என் கை என்ன சூடாகவா இருக்கிறது? நீங்கள் கத்துவதற்கு உடம்பில் எங்கே இடம் மிச்சம் இருக்கிறது என்று நான் கண்டுபிடித்துக்கொள்கிறேன். அது உங்கள் வேலை இல்லை.

கீழ் அறையை வேண்டாம் என்று இன்னும் சொல்லவில்லை. வாய் வரவில்லை.

வாயாடி (வாய் மட்டும் இப்போது கட்டியிருக்கிறது)


செப்டம்பர் 15

வாயாடிக்கு,

அக்காவிடம் இதைப் படித்துக் காட்டு.

அக்கா, நான் தாங்கவில்லை. யாரும் தாங்குவதாகத் தெரியவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன், வந்தவர்களை விரட்டினேன். அதெல்லாம் செய்யலாம், தப்பில்லை. ஆனால் ஒன்று, சாப்பாட்டை மட்டும் தள்ளாதீர்கள். புண் ஆறாது. இல்லாத காலில் அரிக்கும், வலிக்கும் என்று இங்கே கால் போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பைத்தியம் பிடித்துவிட்டது என்று பயப்படாதீர்கள். வெட்டியது போக மிச்சமுள்ள காலை இப்போதிருந்தே நீட்டி வைத்துப் பழகுங்கள். தலையணைமேல் மடக்கியே வைத்திருந்தால் முட்டி மடங்கிக்கொள்ளுமாம், பிறகு செயற்கைக் கால் போட முடியாதாம். பிசியோ அம்மாவைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்னொன்று, என் பொண்டாட்டி பக்கத்தில் இருப்பாள். அவளை மட்டும் விரட்டாதீர்கள். நான் விரட்டிப் பார்த்துவிட்டேன்.

இனி உனக்கு. இதை எழுதி முடித்ததும் வார்டு முழுக்கக் கேட்டார்கள், யாருக்கு, என்ன என்று. சொன்னேன். தபால்காரர், “நம்ம கூட்டம் பெருகிட்டே போகுதே பெயின்டரே” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

வார்டனிடம் போய் விடுதிக்கு இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னேன். “ஏன்?” என்றார். “வீட்டுல கீழ் ரூம் இருக்கு சார்” என்றேன். லாரிக்காரர் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. இன்று காலையில் தன் கையுறையை என் மடியில் போட்டார், சக்கரம் தள்ளும்போது போட்டுக்கொள்வாரே, அது. “உனக்குக் கை கொப்புளிக்கும், வச்சுக்கோ” என்றார். நான் போனால் அவர் பக்கத்துக் கட்டிலுக்கு அன்றைக்கே புதிதாக ஒருவர் வந்துவிடுவார் என்பது இருவருக்கும் தெரியும்.

நான் வருவது பற்றி உனக்கு உண்மையில் எப்படி இருக்கிறது? ஒளிக்காமல் எழுது.

பெயின்டர்


செப்டம்பர் 27

என்னங்க,

ஒளிக்காமல் எழுதச் சொன்னீர்கள். பயமாக இருக்கிறது. உங்களைத் தூக்க எனக்குத் தெரியுமா, குழாய் மாற்ற வருமா, நான் வேலைக்குப் போனால் நாளெல்லாம் தனியாக என்ன செய்வீர்கள், கோபம் வந்தால் யார்மேல் காட்டுவீர்கள். எல்லாம் யோசித்தேன். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தேன். நீங்கள் இல்லாத வீடு அதைவிடப் பயமாக இருக்கிறது.

கீழ் அறையில் சாமான்களை எடுத்துவிட்டோம். எலி எல்லாம் இல்லை, அந்த அம்மா சும்மா சொல்லியிருக்கிறார். பாத்ரூம் கதவில் நாற்காலி நுழையாது என்று பாப்பா அளந்து சொன்னாள். கொத்தனாரைக் கூப்பிட்டு இடிக்கச் சொன்னேன். கீழ் வீட்டு அம்மா ஓடிவந்து, “என் சுவரு! என் சுவரு!” என்று குதித்தார். பிறகு அவரே நின்று, “இன்னும் கொஞ்சம் இடிப்பா, மனுஷன் கை இடிச்சுக்கப் போறாரு” என்றார். சுவர் பூசியிருக்கிறது, பெயின்ட் அடிக்கவில்லை. வேறு யாரையும் அடிக்க விட மாட்டேன்.

அக்கா மிச்சக் காலை நீட்டி வைக்கிறாள். உங்கள் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள், திருப்பித் தர மாட்டேன் என்கிறாள்.

ரோட்டில் வேகத்தடை போட்டார்கள். ஒரு போலீஸ்காரர் விசிலோடு ஒரு வாரம் நின்றார், பிறகு காணோம். அதனால் நாங்களே முறை வைத்துக்கொண்டோம். வேலை விடும் நேரத்தில் இரண்டு பேர் வெட்டு மிச்சச் சிவப்புத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நிற்கிறோம். சில வண்டி நிற்கிறது, சில வண்டி திட்டிவிட்டுப் போகிறது. சுவர் உடைந்த இடத்தைப் பெரிதாக்கிச் சரிவு போட்டுத் தருகிறோம் என்று சொன்னார்கள். சரிவு மட்டும் போட்டார்கள். இடுக்கு அப்படியேதான் இருக்கிறது, ஆனாலும் நாற்காலி போகும். நான் பாப்பாவை உட்கார வைத்துத் தள்ளிப் பார்த்தேன், ஆஸ்பத்திரி நாற்காலியைக் கேட்டு வாங்கி.

எப்போது வருகிறீர்கள் என்று எழுதுங்கள்.

வாயாடி


அக்டோபர் 8

வாயாடிக்கு,

வரும் சனிக்கிழமை புறப்படுகிறேன். மையத்திலிருந்து ஒரு உதவியாளர் பஸ்ஸில் கூட வருகிறார். நம் பஸ் ஸ்டாப்பில் இறக்கிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். அங்கிருந்து நீ பார்த்துக்கொள்வாய் என்று சொல்லியிருக்கிறேன்.

சாமான் அதிகம் இல்லை. நீலச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். தோளில் பிரித்துவிட்டுத்தான். மாப்பிள்ளைப் பையனுக்கு அளவு எடுத்துக்கொண்டு வருகிறேன், தைத்து அனுப்ப வேண்டும். லாரிக்காரர், “போய்ச் சேர்ந்ததும் எழுது. நீ எழுதலைன்னாலும் உன் பொண்டாட்டிய எழுதச் சொல்லு” என்றார். எழுத வேண்டும். மாதாமாதம்.

நீ ஒளிக்காமல் எழுதினாய், நானும் எழுதுகிறேன். சரிவு ஏறக் கற்றுக்கொண்டேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தனியாக மாறுகிறேன். உன்னையும் பாப்பாவையும் நினைத்தால் இப்போதே கிளம்பிவிடலாம்போல் இருக்கிறது. ஆனால் அந்த ரோட்டை நினைத்தால் கை வியர்க்கிறது. சாரத்தில் நின்று கீழே பார்த்தபோதுகூட எனக்கு இப்படி ஆனதில்லை. உதவியாளர், “நானே தள்ளிக்கிட்டுக் கடந்து விட்டுட்டுப் போறேண்ணே” என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்குப் பஸ் வந்துவிடும். அன்றைக்குச் சிவப்புத் துணி உன் முறையாக இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள். பஸ் எதிர்ப்பக்கம்தான் நிற்கும். நீ வந்து என் நாற்காலியைப் பிடிக்கும் வரை நான் ரோட்டில் இறங்க மாட்டேன்.

உன் பெயின்டர்